காட்சியும் கருணையும்

சென்ற மகாவீர ஜயந்தி நாளன்று, தஞ்சைக் கரந்தையில் உள்ள ஆதீஸ்வர சுவாமி ஜினாலயத்தில் வழிபாடு முடித்து, முன்மண்டபத்தில் சற்றே அமர்ந்திருந்தோம். என் மகள் வயிற்றுப் பேத்தி அருகில் வந்து, "தாத்தா, உங்களிடம் ஓர் ஐயம் கேட்க வேண்டும், வீட்டில் கேட்டால் அம்மா வருந்துவாள்" என்றாள். கண் பரிசோதனைக் கல்வியாகிய ஆப்டோமெட்ரியில் நான்காண்டுப் பட்டம் பெற்றவள் அவள். பார்வை அறிவியலில் மேற்பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்திருந்தது. ஆனால் வழிகாட்டும் பேராசிரியர் குறித்துத் தந்த பொருள், கருவிழியில் உண்டாகும் புண் ஆறும் விதம் பற்றியது. முயல்களின் கண்ணில் புண் உண்டாக்கி, மருந்திட்டு, முடிவில் அவ்வுயிர்களை மாய்த்துக் கண்ணை அறுத்துப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டால் உதவித்தொகையும் உண்டு. மறுத்தால் ஓராண்டு வீணாகலாம். இடமே போயினும் போகலாம். பத்து நாளில் மறுமொழி தர வேண்டும்.

"பார்வை இழந்தோருக்குப் பயன்படும் ஆராய்ச்சிதானே, தாத்தா? நான் செய்யாவிட்டாலும் வேறொருவர் செய்யத்தான் போகிறார். அப்படியிருக்க, நான் மறுப்பதால் அந்த முயல் பிழைக்குமா?" என்று கேட்டாள்.

அவ்விடத்தில் உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். சமண இல்லத்தில் பிறந்தவன் அவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் ஈராண்டுக்கு முன் இரு கண்ணிலும் புரை நீக்கி, செயற்கை வில்லை பொருத்திக்கொண்டு, இன்று கண்ணாடியின்றிச் சுவடி படிக்கும் நான், அவ்வளவு எளிதில் அதனைச் சொல்லலாகுமா? இதே வினா நம் இல்லங்களில் இன்னும் பல பிள்ளைகளுக்கு எழக்கூடும். ஆகவே அப்பத்து நாட்களில் எண்ணியவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

காட்சி என்னும் சொல்

நம் நெறியின் மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. ஞானத்தையும் ஒழுக்கத்தையும் பின்னே நிறுத்திக் காட்சியை முன்னே வைத்தனர் முன்னோர். மெய்ப்பொருளில் கொள்ளும் உறுதியே அங்குக் காட்சி எனப்படுகிறது. எனினும் அதற்குப் பெயரைக் கண்ணின் தொழிலிலிருந்தே எடுத்தனர். எண்வினைகளுள் ஒன்றாகிய தரிசனாவரணீயத்தைப் பகுத்தபோதும், கண்ணால் காண்பதை மறைக்கும் வினை என ஒன்றைத் தனியே எண்ணினர். பிற புலன்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி வைத்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தனியிடம் தந்தது எண்ணத் தக்கது.

உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும் முறையிலும் இது விளங்கும். தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர். சுவை, மணம் என ஒவ்வொன்றாக ஏறி, நான்காவது படியில் கண் தோன்றுகிறது. தொல்காப்பியமும் இவ்வரிசையையே கூறுகிறது. ஆகவே கண் பெற்ற உயிர் என்பது நெடுந்தொலைவு ஏறி வந்த உயிர். முயலும் ஆடும் பூனையும் ஐந்து புலனும் உடையன. நம் கண்ணின் நோயைத் தீர்க்க அவற்றின் கண்ணை நாடுவதற்குக் காரணமே, அவை காணும் விதம் நம்மை ஒத்திருப்பதுதான். ஒப்புமை இருப்பதால் ஆய்வு பயன்படுகிறது. அதே ஒப்புமையால்தான் அது குற்றமும் ஆகிறது. இச்சிக்கலை மறைத்துவிட்டு நாம் பேசக் கூடாது.

"குருடு என்பது பழவினைப் பயன், அதனை நீக்க முயல்வது எதற்கு?" என்று கேட்போரும் நம்மிடையே சிலர் உளர். வினை பயன் தரும்போது புற நிமித்தங்களும் உடன் நிற்கின்றன. மருந்தும் மருத்துவரும் அத்தகைய நிமித்தங்களே. நோயுற்றவனின் வினை அவனுடையது. அவனைக் கண்டும் கைகட்டி நிற்பவனின் வினை நிற்பவனுடையது. ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த நெறி, நோயை வினையின் மேல் சாட்டி வாளா இருக்கச் சொல்லாது.

தஞ்சை அரண்மனையின் கண் ஏடுகள்

கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நம் தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், ஆட்சிப் பொறுப்பை 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பின்னர், தம் காலத்தைக் கல்வியிலும் மருத்துவத்திலும் செலவிட்டார். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் நம் நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கே பயிலப்பட்டன. மாந்தருக்கேயன்றி விலங்குகளுக்கும் அங்கே மருந்து ஆயிற்று. அங்குக் கண்ட முறைகளைத் தமிழ்ப் பாடல்களாக்கிய சரபேந்திர வைத்திய முறைகளுள், கண் நோய்க்கெனவே நயனரோக சிகிச்சை என்னும் ஒரு தனிப் பகுதி உண்டு.

இவற்றினும் அரியது ஒன்று சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றது. மன்னர் முன்னிலையில் மருத்துவம் பெற்ற கண் நோயாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பேடுகள் அவை. நோயுற்ற கண்ணை உள்ளவாறே வண்ணத்தில் தீட்டிய ஓவியங்களும் அவற்றோடு உள்ளன. சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் அண்மைக் காலத்தில் அவற்றை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். இன்று கருவி கொண்டு எடுக்கும் கண் படங்களுக்கு முன்னோடியாக இவ்வோவியங்களைக் கொள்வதில் தவறில்லை.

இவ்வேடுகளிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. ஆராய்ச்சி என்றதும் அறுப்பதும் மாய்ப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வந்த நோயாளியைக் கூர்ந்து நோக்குவதும், நோக்கியதை மாறாமல் எழுதுவதும், செய்த மருத்துவத்தின் விளைவைப் பதிவதும் ஆராய்ச்சியே. அங்கே நோயாளி ஆய்வுப் பொருளாகவும் இருந்தார். மருத்துவம் பெறுபவராகவும் இருந்தார். முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடவில்லை.

மற்றொன்றும் உண்டு. 1826-இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், மன்னரின் நூலகத்தில் தாம் கண்ட பொருள்களுள் தந்தத்தால் செய்த எலும்புக்கூடு ஒன்றையும் குறித்துள்ளார். உடற்கூற்றைப் பிணமின்றிக் கற்க உதவிய பொம்மை அது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆயினும் அத்தந்தம் எங்கிருந்து வந்தது? ஒரு யானையின் உடலிலிருந்தன்றோ! ஓர் இம்சையை விலக்குவதற்காக நாம் கொண்டுவரும் மாற்றுப் பொருளுக்குள் வேறோர் இம்சை ஒளிந்திருக்கலாம். இதனை நினைவிற் கொண்டே மேலே செல்வோம்.

எதிர்ப்பக்கத்தின் வலிமை

விலங்காய்வை ஆதரிப்போர் கொடியவர் அல்லர். அவர்கள் சொல்வதை அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும்.

1960-களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில மாதங்கள் தைத்து மூடி வைத்தனர். பின்னர் பிரித்தபோது, கண்ணில் பழுது ஏதுமில்லை. ஆயினும் அக்கண்ணால் குட்டி காணவில்லை. கண் நலமாக இருந்தும், இளமையில் ஒளி பெறாமையால் மூளை அக்கண்ணைக் கைவிட்டுவிட்டது என்பது தெளிவாயிற்று. மாறுகண்ணோடும் பிறவிப் புரையோடும் பிறந்த குழந்தைகளுக்குக் காலம் தாழ்த்தாமல் மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் கருத்துக்கு இது வலுவான அடிப்படை ஆயிற்று. 1981-இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தஞ்சையில் ஒரு தாய், தன் இரண்டு வயது மகனின் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, சோம்பிய கண்ணுக்குப் பயிற்சி தருகிறாள் என்றால், அம்முறை ஏன் பலிக்கிறது என்னும் விளக்கத்தில் அப்பூனைக்குட்டிகளுக்கும் பங்குண்டு.

இதற்கு என்ன விடை? "அப்பயன் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அக்குழந்தையின் சார்பில் நான் அதைத் துறக்க முடியாது. நடந்து முடிந்த இம்சையால் பெற்ற அறிவை, மறக்க முயல்வதால் அவ்வுயிர்கள் மீள்வதுமில்லை. ஆனால் பயனை ஏற்பது வேறு. செயலுக்கு உடன்படுவது வேறு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பது நாம் அறிந்ததே. பழைய அறிவைப் பயன்படுத்தும்போது உள்ளத்தில் அதற்கு இசைவு எழாமல் காப்பதும், அத்தகைய செயல் இனித் தேவைப்படாத வழியைத் தேடுவதும் நம் கடன். அதனைத் தேடாமல் மருந்தை மட்டும் வாங்கிக்கொள்பவன், "நான் முயலைத் தொடவில்லை" என்று சொல்வது வெறும் சொல்லே.

சங்கல்பம் எங்கே உள்ளது?

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் இம்சையை நான்காக வகுத்துள்ளன. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இம்மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். ஓர் உயிரைக் கருதியே, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையையோ இல்லறத்தான் முற்றும் விட வேண்டும்.

"ஆராய்ச்சி என் தொழில், ஆகவே இது உத்தியோக இம்சை" என்று வாதிடலாம். உழவன் ஏரோட்டும்போது புழு மடிகிறது. அவன் நோக்கம் புழுவன்று. புழுவே இல்லாத நிலம் கிடைத்தால் அவன் மகிழ்வான். முயலாய்வில் அவ்வாறில்லை. அங்கே புண்ணும் சாவும் தற்செயலாக நேர்வன அல்ல. அவையே திட்டத்தில் எழுதப்பட்டவை. முயல் இல்லையேல் அந்த ஆய்வே இல்லை. நோக்கம் உயர்ந்ததாயினும், செயல் அவ்வுயிரைக் குறித்தே செய்யப்படுகிறது. அறுவை மருத்துவன் நோயாளியின் கண்ணில் கத்தி வைப்பது அந்நோயாளியின் நலத்திற்காகவே. முயலின் கண்ணில் இடும் புண்ணால் முயலுக்கு ஒரு நலமும் இல்லை. ஆகவே இதனைச் சங்கல்பம் என்றே நான் கொள்கிறேன்.

கசாப்புக் கடையிலிருந்து ஆட்டின் கண்ணை வாங்கி மாணவர்கள் அறுவை பயில்வதும் வழக்கம். "ஆடு நமக்காகக் கொல்லப்படவில்லையே" என்பர். விலை கொடுத்து வாங்கும்போது கொன்றவனுக்குக் கூலியில் ஒரு பங்கு தருகிறோம் என்பதை மறக்கலாகாது. முயலைப் புண்படுத்துவதினும் இது மிகச் சிறிய குற்றம். குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று செயற்கைப் பொருளால் செய்த கண் உருக்களும், கணினித் திரையில் அறுவை பயிலும் கருவிகளும் வந்துள்ளன. இவ்விடத்தில் யசோதர காவியம் நினைவுக்கு வருகிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னன் யசோதரனும் அவன் தாயும் பல பிறவிகளில் துன்புற்றனர். அவ்வாறாயின் செயற்கைக் கண்ணை அறுப்பதும் குற்றமன்றோ என ஒருவர் கேட்கலாம். அன்று. மாக்கோழியை வெட்டியவன் உள்ளத்தில் கொல்லும் எண்ணம் இருந்தது. செயற்கைக் கண்ணை அறுப்பவள் உள்ளத்தில் கொல்லாதிருக்கும் எண்ணம் இருக்கிறது. பொருள் இரண்டிலும் உயிரற்றதே; வேற்றுமை சங்கல்பத்தில்தான்.

வேறு வழிகள் உண்டா?

உண்டு என்பதற்கு வரலாறே சான்று. என் கண்ணில் உள்ள செயற்கை வில்லையின் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில், உடைந்த விமானக் கூரையின் செயற்கைக் கண்ணாடிச் சில்லுகள் தைத்திருந்தன. அவை கண்ணை அழற்சி கொள்ளச் செய்யாமல் வாளா கிடந்ததைக் கண்டார் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர். அப்பொருளாலேயே வில்லை செய்து 1949-இல் இலண்டனில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். நேர்ந்துவிட்ட துன்பத்தைக் கூர்ந்து நோக்கியதிலிருந்து பிறந்த அறிவு இது.

1688-இல் அயர்லாந்து அறிஞர் மோலினோ, தத்துவ அறிஞர் லாக்குக்கு ஒரு வினா எழுதினார். பிறவிக் குருடன் ஒருவன் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டறிந்திருக்கிறான். அவனுக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எதுவெனச் சொல்வானா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இது வாதமாகவே இருந்தது. பவன் சின்கா என்னும் இந்திய அறிஞர் தில்லியில் மருத்துவர்களோடு சேர்ந்து 'பிரகாஷ்' என்னும் பணியைத் தொடங்கி, பிறவிப் புரையால் பார்வையிழந்த ஏழைக் குழந்தைகளுக்கு அறுவை செய்வித்தார். அவர்களுள் 8 முதல் 17 வயது வரையிலான ஐவரிடம் கண்ட முடிவு 2011-இல் வெளியாயிற்று. பார்வை வந்தவுடன் அவர்களால் சொல்ல இயலவில்லை. ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டனர். பூனைக்குட்டியின் இமையைத் தைத்து அறிய முயன்றதன் மறுபக்கத்தை, குழந்தையின் கண்ணைத் திறந்து அறிந்தனர் எனலாம்.

நம் டெல்டாவுக்கு நெருங்கிய சான்று ஒன்று. அறுவடைக் காலத்தில் நெற்சுனையோ வைக்கோல் துரும்போ கருவிழியைக் கீறிவிட்டால், அக்கீறல் வழியே பூஞ்சைக் காளான் புகுந்து புண்ணாகிறது. 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கண்டனர். இதற்கு நாட்டமைசின் என்னும் பழைய மருந்து சிறந்ததா, வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து சிறந்ததா என்று அறிய, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழைய மருந்தே சிறந்தது. உழவர் கண்ணைக் காக்கும் இவ்வறிவு, உழவருக்கு மருத்துவம் செய்துகொண்டே பெற்றது.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. மனித உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்த்த கருவிழிப் படலம், முயல் கண்ணில் மருந்தூற்றிப் பார்த்த பழைய சோதனைகளுள் பலவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டுள்ளது. நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை 2014-இல் தடை செய்யப்பட்டது. புதிய மருந்துகளுக்கான விதிகள் 2023-இல் திருத்தப்பட்டு, விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தரப்பட்டது. இருந்தும் கண்ணீரும் நரம்பும் குருதியும் ஒன்றாக இயங்கும் முழு உடலின் இடத்தை ஆய்வகத் தட்டு இன்னும் முழுதும் நிரப்பவில்லை. சில வினாக்களுக்கு விலங்கின்றி விடை தாமதமாகவே வரும். அத்தாமதத்தின் துன்பத்தை நோயாளியே சுமப்பார். இதனை ஒப்புக்கொண்டுதான் நாம் மறுக்க வேண்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை. முயலை விட்டுவிட்டு ஏழையைப் பிடித்துக்கொள்வது அகிம்சை ஆகாது. இலவச மருத்துவத்திற்கு வந்தவன் மறுக்க அஞ்சுவான் என்பதால் அவனிடம் எதையும் செய்துபார்க்கலாம் என்பது கொடுமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கி, விரும்பி இசைந்த பின்னரே ஆய்வில் சேர்க்க வேண்டும் என்கின்றன. இங்கே அகிம்சையோடு வாய்மையும் சேர வேண்டும்.

என் களத்தில் நேர்ந்தது

இவ்வளவும் எண்ணிக்கொண்டிருந்த ஓர் இரவில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்று என் உறக்கத்தைக் கெடுத்தது. அப்போது எங்களுக்குச் சிறிது நஞ்சை நிலம் இருந்தது. சம்பா அறுவடையில், களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைக் கசக்கியவாறு வந்து, "ஐயா, கண்ணுல சுனை பட்டுட்டுதுங்க" என்றார். தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லி, அன்றைய கூலி நெல்லை அளந்து கொடுத்து அனுப்பினேன். வீட்டில் நந்தியாவட்டைப் பூவை ஒற்றினர்; தாய்ப்பால் விட்டனர். மூன்று வாரம் கழித்து அவரைப் பார்த்தபோது அக்கண்ணில் பூ விழுந்திருந்தது. அதன்பின் அவர் ஒற்றைக் கண்ணோடுதான் வாழ்ந்தார்.

அந்நாளில் எங்கள் வீட்டில் நீரை வடிகட்டாமல் குடித்ததில்லை. பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. விளக்கில் விட்டில் விழாமல் காத்த நான், என் நெல்லுக்காக உழைத்தவரின் கண்ணைக் காக்க ஒரு வண்டி கட்டித் தஞ்சை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. நான் அவரைத் துன்புறுத்த நினைக்கவில்லைதான். ஆனால் பிரமாதம் எனப்படும் கருத்தின்மையே இம்சைக்கு வேர் என்று நம் சாத்திரங்கள் சொல்வது எதற்கு? செய்யாமல் விட்டதும் என் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கிற்று. என் பேத்தியிடம் முயலைப் பற்றி மட்டும் பேசினால், பாதி அறத்தையே பேசியவன் ஆவேன். முயலைத் தொடாதே என்று சொல்லும் வாய், பூ விழுந்த கண்களுக்கு என்ன வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுப்பவர் தர வேண்டியது

மறுநாள் அவளிடம் பேசினேன். "அம்மா, முயல் வேண்டாம். ஆனால் ஆராய்ச்சியை விடாதே" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "முயலை வேண்டாம் என்றால் கருவிழி வேண்டுமே, தாத்தா. அதை யார் தருவார்கள்?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் என் கட்டுரையின் முடிவு இருக்கிறது. கண் தானமாகப் பெறும் கருவிழிகளுள் மாற்று அறுவைக்கு ஏற்றவை பார்வையிழந்தோருக்குப் பொருத்தப்படுகின்றன. ஒருவர் தருவது இருவருக்குப் பார்வையாகலாம். ஏற்றவை அல்லாதவை, உற்றார் இசைந்தால், ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உதவுகின்றன. மனிதக் கண் கிடைத்தால் விலங்கின் கண்ணுக்குத் தேவை குறைகிறது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் நம் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில்தான் தோன்றியது. இருந்தும் நம் இல்லங்களில் எத்தனை பேர் கண் தந்துள்ளோம்?

தயக்கங்களை நான் அறிவேன். "கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாவோம்" என்பது ஒன்று. உயிர் நீங்கும்போது தைசச, கார்மண சரீரங்களே அதனோடு செல்கின்றன. ஔதாரிகமாகிய இவ்வுடல் இங்கேயே கிடக்கிறது என்பது நம் சித்தாந்தம். நெருப்புக்குத் தரும் கண்ணால் வராத குறை, அயலானுக்குத் தருவதால் எவ்வாறு வரும்? "உயிர் நீத்த உடலில் விரைவிலேயே நுண்ணுயிர்கள் தோன்றும், தாமதியாமல் தகனம் செய்ய வேண்டும்" என்பது மற்றொன்று. இது கருதத் தக்கதே. ஆயினும் கண் எடுக்க அரைமணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை. உற்றார் வந்து சேருமுன்னரே அப்பணி முடிந்துவிடும். முகத்தில் விகாரமும் தோன்றாது.

முறையும் எளிது. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். முதுமை தடையன்று. கண்ணாடி அணிந்தவரும், சர்க்கரை நோயாளரும், என்னைப் போல் புரை நீக்கிக்கொண்டவரும் தரலாம். வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்று முதலியவற்றால் இறந்தோரின் கண் மட்டும் ஏற்கப்படாது. உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் இட்டால் மட்டும் போதாது. அந்நேரத்தில் வீட்டார் அழைத்தால்தான் நடக்கும். ஆகவே நான் என் பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிவிட்டேன்.

நாம் தரக்கூடியது இன்னொன்றும் உண்டு. நம் சமூகம் சிறியது. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள்ளேயே மணம் முடிப்பது தலைமுறைகளாக உண்டு. மாலைக்கண்ணில் தொடங்கி மெல்ல மெல்லப் பார்வையைக் கெடுக்கும் பரம்பரை விழித்திரை நோய் சில, நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. இவற்றை ஆராய்வோர்க்கு வேண்டியது முயலன்று. குடும்பத்தின் வம்சாவளியும், உண்மையான சொல்லும், சிறிது குருதியும்தான். "பெண்ணுக்கு வரன் தடைப்படும்" என்று நாம் மறைக்கிறோம். மறைப்பது அடுத்த தலைமுறைக் கண்களுக்குச் செய்யும் தீங்கு.

மாணவர்களுக்கும் ஒரு சொல். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், இயலும் இடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும், நூலும் உருவமும் படமும் போதுமாயின் கல்லூரிகளில் அவற்றையே கொள்ள வேண்டும் என்றும் கருதுகிறது. ஆகவே வேறு வழி கேட்பது அடாவடி அன்று. கேட்கும்போது ஆசிரியரை இகழாமல், மாற்று வழியையும் எழுதிக் கொண்டு போய்க் கேளுங்கள். நீரிழிவு விழித்திரை நோய், கண்நீர் அழுத்த நோய், பிள்ளைகளிடம் பெருகிவரும் கிட்டப்பார்வை, குறைபார்வையோர் மறுவாழ்வு, ஊர்தோறும் நோய்க் கணக்கெடுப்பு என உயிர்வதை இன்றி உழைக்க இடமுள்ள துறைகள் பல.

பத்தாம் நாள் என் பேத்தி பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். முயலாய்வை ஏற்க இயலாமைக்குக் காரணத்தைப் பணிவோடு சொல்லி, நெற்சுனையால் உண்டாகும் கருவிழிப் புண்ணை, நோயாளரிடம் பெறும் மாதிரிகளையும் தானமாக வந்த கருவிழிகளையும் கொண்டு ஆராய விரும்புவதாகக் குறித்தாள். "இவ்வாண்டு இடமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று மறுமொழி வந்தது. உதவித்தொகை போயிற்று. அவள் தாய் இன்னும் வருந்துகிறாள். இப்போது ஒரு கண் மருத்துவமனையின் முகாம்களில் பணி செய்கிறாள். சென்ற அறுவடையில் சிற்றூர்களுக்குச் சென்று, கண்ணில் சுனை பட்டால் பச்சிலையும் பாலும் விடாமல் அன்றே மருத்துவரிடம் வருமாறு களந்தோறும் சொல்லி வந்தாள்.

"நான் மறுத்ததால் அந்த முயல் பிழைத்திருக்குமா, தாத்தா?" என்று மீண்டும் ஒரு நாள் கேட்டாள். "பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன், அம்மா. அவ்விடத்தில் வேறொருவர் சேர்ந்திருப்பார். ஆனால் அதன் கண்ணில் புண் இட்டது உன் கையன்று; அதற்கு ஈடாக எதையும் தராமலும் நீ இருக்கவில்லை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசை மேல் கிடந்த என் கண் தான அட்டையை எடுத்து, அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எல்லா உயிர்க்கும் நலமே விளைக!